அப்பத்தாவின் கேள்விக்குப் பேரன் தமிழில் பதில் சொல்ல... வெளிநாட்டில் குழந்தை வளர்ப்பவர்களுக்கு ஒரு கையேடு!

ஞாயிற்றுக்கிழமை. மதுரையில் மாலை 5 மணி. ஜெர்மனியின் மியூனிக்கில் மதியச் சாப்பாடு முடிந்த நேரம். வாட்ஸ்அப் வீடியோ காலில் அப்பத்தா கேட்கிறார்.

``என்ன சாப்ட்ட ராசா?''

நான்கு வயசுப் பேரன் கடகடவென்று ஜெர்மனில் ஏதோ சொல்கிறான். கையை ஆட்டுகிறான், குதித்துக் காட்டுகிறான். அப்பத்தா மருமகளைப் பார்க்கிறார்.

``என்னம்மா சொல்றான்?''

``ஸ்கூல்ல முயல் கொண்டுவந்தாங்களாம் அத்தை. அதைத் தொட்டுப் பார்த்தானாம்.''

``அப்படியா சாமி!''

அதற்குள் பேரன் ஓடிவிட்டான். அடுத்த வாரமும் இதேதான். வருஷம் ஆக ஆக அந்த கால் சுருங்கும். ``ஹாய் அப்பத்தா, பை அப்பத்தா'' என்பதோடு முடிந்துவிடும். யாருக்கும் யார் மேலும் பாசம் குறையவில்லை. பாசத்தைச் சொல்ல இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை, அவ்வளவுதான்.

வேலைக்காகவோ படிப்புக்காகவோ வெளிநாடு போய் குடும்பமாகிவிட்ட பலருக்கும் இது தெரிந்த காட்சிதான். ``வீட்ல தமிழ்தானே பேசுறோம், தானா வந்துடும்'' என்று நினைப்பார்கள். தானாக வராது. குழந்தைகள் மொழிப்பற்றுக்காக எந்த மொழியையும் பேசுவதில்லை. ஒரு மொழி தங்களுக்குத் தேவைப்பட்டால் பேசுவார்கள், தேவையில்லை என்றால் விட்டுவிடுவார்கள். எனவே, உங்கள் வேலை தமிழை வலுக்கட்டாயமாக ஊட்டுவதில்லை. தமிழ் தேவைப்படுகிற தருணங்களை வீட்டில் உருவாக்கிக்கொண்டே இருப்பது. அதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

முதலில் இந்த பயங்களை விடுங்கள்!

``ரெண்டு மொழி பேசினா குழந்தை குழம்பிடாதா?''

குழம்பாது. கர்ப்ப காலத்தில் இரண்டு மொழிகளைப் பேசிய தாய்மார்களின் பச்சிளம் குழந்தைகளை வைத்து கனடாவில் நடந்த ஆய்வு ஒன்று 2010-ல் வெளியானது. பிறந்து சில நாள்களே ஆன அந்தக் குழந்தைகள் அம்மாவின் இரண்டு மொழிகளையும் வேறு வேறாகப் பிரித்தறிந்தன. வளர்ந்த குழந்தைகளுக்கும் இது சுமையில்லை. மான்ட்ரியலில் 10 வயதுக் குழந்தைகளிடம் பீல், லாம்பெர்ட் என்ற ஆய்வாளர்கள் நடத்தி 1962-ல் வெளியிட்ட ஆய்வில், இருமொழிக் குழந்தைகள் அறிவுத்திறன் சோதனைகளில் ஒருமொழிக் குழந்தைகளைவிட நன்றாகவே செய்திருந்தார்கள். `இரண்டு மொழி மூளையைக் குழப்பும்' என்ற பழைய நம்பிக்கை ஆட்டம்கண்டது அப்போதுதான்.

``அம்மா, மில்க் குடு'னு கலந்து பேசுறானே?''

நாம் மட்டும் என்னவாம்? ``பஸ் மிஸ் ஆயிடுச்சு, ஆட்டோ புடிச்சு வர்றேன்'' என்று சென்னையில் பேசுகிறோமே. குழந்தை கலந்து பேசுவது குழப்பத்தின் அடையாளம் அல்ல. ஒரு மொழியில் கிடைக்காத சொல்லை இன்னொரு மொழியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பதற்றப்படாமல், ``பால் வேணுமா, இந்தா பால்'' என்று சொல்லிக் கொடுங்கள், போதும்.

``பேச்சு தாமதமாகிடுச்சே... தமிழை நிறுத்திடலாமா?''

வேண்டாம். இருமொழி வளர்ப்பு பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை. ஆனால், கணக்கெடுப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். குழந்தைக்குத் தமிழில் 30 சொற்களும் ஜெர்மனில் வேறு 25 சொற்களும் தெரிந்தால் மொத்தம் 55. இரண்டையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். 2 வயதில், எல்லா மொழிகளையும் சேர்த்தும் 50 சொற்கள் வரவில்லை, இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை என்றால் குழந்தைகள்நல மருத்துவரைப் பாருங்கள். காது கேட்கும் திறனையும் சோதித்துவிடுங்கள். `ரெண்டு மொழி பேசுறதாலதான் லேட்' என்று காத்திருந்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

``ஸ்கூல் மொழி வரலைன்னா கஷ்டப்படுவானே?''

பள்ளி மொழி நிச்சயம் வந்துவிடும். பள்ளி, விளையாட்டு மைதானம், கார்ட்டூன், பக்கத்து வீட்டுத் தோழி என்று அதற்குத் துணை நிறைய. தமிழுக்கு நீங்கள் மட்டும்தான். குழந்தையைப் புதிதாகப் பள்ளியில் சேர்த்ததும் சில வாரங்களோ மாதங்களோ அங்கே பேசாமல் அமைதியாக இருக்கலாம். அதைப் பார்த்து பயந்து வீட்டிலும் பள்ளி மொழிக்கு மாறிவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கிற முதல் தவறு.

வீட்டுக்கு ஒரு விதி

எந்த முறை என்பதைக் கணவன் மனைவி உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். பொதுவாக மூன்று வழிகள் உண்டு.

1. வீட்டுக்குள் தமிழ், வெளியே ஊர் மொழி

அப்பா, அம்மா இருவருக்கும் தமிழ் என்றால் இதுதான் சுலபம், வலுவானதும்கூட. பெல்ஜியத்தின் டச்சு பேசும் பகுதியில் கிட்டத்தட்ட 1,900 இருமொழிக் குடும்பங்களிடம் அனிக் டி ஹவர் என்ற ஆய்வாளர் தகவல் திரட்டி, 2007-ல் முடிவுகளை வெளியிட்டார். பெற்றோர் இருவரும் வீட்டில் தங்கள் மொழியை மட்டுமே பேசிய குடும்பங்களில், 100-க்கு சுமார் 97 குடும்பங்களின் குழந்தைகள் அதைப் பேசினார்கள். இருவருமே இரண்டு மொழிகளையும் கலந்து பேசியபோது அது 80-க்குச் சற்றுக் குறைவாக இறங்கியது.

2. ஆளுக்கு ஒரு மொழி

அம்மாவுக்குத் தமிழ், அப்பாவுக்கு மலையாளம் அல்லது ஜெர்மன் என்றால் அவரவர் தங்கள் மொழியிலேயே குழந்தையிடம் பேசுவது. ஜூல் ரோன்ஷா என்ற பிரெஞ்சு மொழியியலாளர் தன் மகன் லூயியை இப்படித்தான் வளர்த்தார். அவர் பிரெஞ்சு, மனைவி ஜெர்மன். அந்த அனுபவத்தை 1913-ல் புத்தகமாகவே எழுதினார். இந்த முறைக்குப் பெயர் அதிகம். ஆனால், மேலே சொன்ன பெல்ஜிய ஆய்வில் இதில் வெற்றி பெற்றவை சுமார் முக்கால்வாசிக் குடும்பங்கள்தான். தமிழ் பேசுபவர் நீங்கள் ஒருவர் மட்டும் என்றால், இன்னும் சில தமிழ்க் குரல்களை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். தாத்தா, பாட்டி, சித்தி, தமிழ் நண்பர்களின் குழந்தைகள்... யாராக இருந்தாலும் சரி.

3. நேரத்துக்கு ஒரு மொழி

இரவுச் சாப்பாட்டு நேரமும், தூங்கப்போகும் முன் கதை நேரமும் தமிழ். சனி, ஞாயிறு முழுக்கத் தமிழ். இதுவரை தமிழ் பேசாமல் விட்டுவிட்டு இப்போது ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு இது நல்ல வழி. திடீரென்று ஒருநாள் ``இனிமே தமிழ்தான்'' என்று சட்டம் போட்டால் குழந்தை மிரண்டுவிடும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஜெர்மனி, நெதர்லாந்து போன்ற நாடுகளில் `ஊர் மொழி எப்படியும் வந்துடும், வீட்ல இங்கிலீஷாவது கத்துக்கட்டும்' என்று ஆங்கிலத்தில் பேசும் தமிழ்ப் பெற்றோர் உண்டு. ஆங்கிலம் அந்த நாட்டுப் பள்ளியிலேயே பாடமாக வந்துவிடும். வீட்டை விட்டால் தமிழுக்கு வேறு இடம் கிடையாது.

எந்த வயதில் என்ன செய்யலாம்?

0 - 3 வயது: செய்வதையெல்லாம் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். ``இப்போ சட்டை போடலாமா? ஒரு கை... இன்னொரு கை...'' குளிக்கவைக்கும்போது, சாதம் ஊட்டும்போது, காய் நறுக்கும்போது என எல்லா நேரமும் பேச்சு நேரம்தான். தாலாட்டும் நிலாச் சோறும் இந்த வயதுக்கானவை.

3 - 6 வயது: பள்ளி மொழி புயல் மாதிரி வீட்டுக்குள் நுழையும் வயது. அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் அதிகமான குடியேறிய குடும்பங்களிடம் எடுத்த கணக்கெடுப்பை வைத்து, 1991-ல் லில்லி வாங் ஃபில்மோர் எழுதிய கட்டுரை ஒன்று பிரபலம். ஆங்கிலம் மட்டுமே பேசும் மழலையர் பள்ளிக்குப் போன குழந்தைகளிடம் வீட்டு மொழி வேகமாகக் கரைந்தது. ஒருகட்டத்தில் பெற்றோரும் பிள்ளைகளும் மனம்விட்டுப் பேச முடியாமல் போன வீடுகளும் இருந்தன. எனவே, இந்த மூன்று வருடங்களில் வீட்டு விதியைத் தளர்த்தாதீர்கள். பல்லாங்குழி, தாயம் என விளையாட்டைத் தமிழில் வைத்துக்கொள்ளுங்கள்.

6 - 11 வயது: இந்த வயதில் புதிதாக நாடு மாறிய குழந்தைகளுக்கு ஊர் மொழியில் சரளமாகப் பேச சுமார் 2 வருடங்கள் ஆகலாம். பாடப்புத்தக மொழியில் சக மாணவர்களுக்கு இணையாக வர 5 முதல் 7 வருடங்கள் ஆகும் என்கிறார் டொரன்டோவைச் சேர்ந்த கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ். அதுவரை கணக்கையும் அறிவியலையும் வீட்டில் தமிழில் விளக்குங்கள். `பின்னம்' என்றால் என்ன என்று தோசையைப் பிய்த்துத் தமிழில் புரிந்துகொண்ட குழந்தை, பள்ளியில் அதற்கான சொல்லை மட்டும் கற்றுக்கொண்டால் போதும்.

12 வயதுக்கு மேல்: பாடம் நடத்தினால் ஓடிவிடுவார்கள். தமிழ் சினிமா, கிரிக்கெட் வர்ணனை, ராப் பாட்டு, மீம்ஸ்... அவர்களுக்குப் பிடித்ததைப் பிடித்துக்கொள்ளுங்கள். கஸின்ஸ் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிடுங்கள். முதலில் ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்தாலும் பரவாயில்லை. வாலிப வயதின் காதல், தோல்வி, பயம் எல்லாம் வரும்போது உங்களுக்கு எந்த மொழியில் ஆறுதல் சொல்ல வரும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த மொழி அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழில் கேட்டால் வேறு மொழியில் பதில்... என்ன செய்வது?

பெரும்பாலான பெற்றோர் கைவிடுவது இந்த இடத்தில்தான். எலிசபெத் லான்ஸா என்ற ஆய்வாளர், நார்வேயில் ஆங்கிலமும் நார்வேஜியனும் பேசி வளர்ந்த குழந்தைகளை வீட்டிலேயே கவனித்தார். குழந்தை மொழி மாறும் அந்த நொடியில் பெற்றோர் என்ன செய்கிறார்கள் என்பதை ஐந்து வகையாகப் பிரித்தார். நம் வீட்டுக்கு மாற்றிச் சொன்னால் இப்படி இருக்கும்.

குழந்தை: ``அம்மா, ஐ வான்ட் வாட்டர்!''

* ``என்ன வேணும் கண்ணா? அம்மாவுக்குப் புரியலையே...'' - குழந்தை தமிழில் சொல்லியே ஆக வேண்டும்.
* ``தண்ணி வேணுமா?'' - குழந்தை `ஆமா' என்று சொன்னால் போதும்.
* ``ஓ, தண்ணி வேணுமா! இந்தா, தண்ணி!'' - குழந்தை சொல்ல வேண்டியதில்லை, காதில் விழும்.
* எதுவும் சொல்லாமல் தண்ணீர் கொடுப்பது - பேச்சு அப்படியே நகர்ந்துவிடும்.
* ``ஓகே, ஐ வில் கெட் இட்!'' - நீங்களும் மாறிவிட்டீர்கள்.

முதலாவதில் தமிழுக்குத் தேவை மிக அதிகம், கடைசியில் சுத்தமாக இல்லை. நாள் முழுக்க முதல் வகையிலேயே இருந்தால் குழந்தைக்கு எரிச்சல்தான் வரும். முதல் மூன்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். கடைசியை மட்டும் பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள்.

ஒரு விதிவிலக்கு முக்கியம். குழந்தை அழுதுகொண்டே, ``ஸ்கூல்ல என்னை யாரும் சேத்துக்கல'' என்று ஊர் மொழியில் சொல்லும்போது, ``தமிழ்ல சொல்லு'' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முதலில் அணைத்துக்கொள்ளுங்கள், முழுதாகக் கேளுங்கள். ஆறுதலை நீங்கள் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். தமிழ் என்றாலே திட்டும் திருத்தமும்தான் என்ற எண்ணம் வந்துவிட்டால் அதை மாற்றுவது கஷ்டம்.

யூடியூப் பார்த்தால் தமிழ் வந்துவிடுமா?

ரைம்ஸ் போட்டுக் கையில் போனைக் கொடுத்துவிட்டால் தமிழ் வந்துவிடும் என்று நம்பாதீர்கள். பேட்ரிசியா கூல் குழுவினர் 2003-ல் வெளியிட்ட ஆய்வு இது. சுமார் 9 மாதமான அமெரிக்கக் குழந்தைகளில் ஒரு பிரிவினருடன் சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து, புத்தகம் காட்டி, விளையாடினார்கள். மொத்தம் 12 முறை. இன்னொரு பிரிவினருக்கு அதே ஆட்கள், அதே பேச்சு... ஆனால் வீடியோவில். நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழியின் ஒலி வேறுபாடுகளைக் கற்றுக்கொண்டன. வீடியோ பார்த்த குழந்தைகள் கற்றுக்கொள்ளவில்லை.

அப்படியானால் அப்பத்தாவின் வீடியோ கால்? அது வேறு கதை. 2014-ல் வெளியான இன்னோர் ஆய்வில், 2 முதல் இரண்டரை வயதுக் குழந்தைகள் நேரலை வீடியோ காலில் பேசியவரிடமிருந்து புதிய சொற்களைக் கற்றுக்கொண்டார்கள். பதிவு செய்த வீடியோவிலிருந்து கற்கவில்லை. கால் பேசுகிறவர் குழந்தைக்குப் பதில் சொல்கிறார், காத்திருக்கிறார், சிரிக்கிறார். வித்தியாசம் அதில்தான். ஆக, உங்கள் போனில் இருக்கும் ஆகச் சிறந்த தமிழ் ஆப், ஊரிலிருக்கும் அப்பத்தாவேதான்!

அந்த காலை இப்படி மாற்றிப்பாருங்கள்.

* கேள்வி வேண்டாம், வேலை கொடுங்கள். `சாப்ட்டியா, படிச்சியா' என்ற கேள்விகளுக்கு ஒற்றைச் சொல்லில்தான் பதில் வரும். ``உன் பொம்மையெல்லாம் அப்பத்தாவுக்குக் காட்டு'' என்றால் பேச்சு வளரும்.
* தொடர்கதை. தாத்தா கதையைப் பாதியில் நிறுத்தட்டும். ``நரி என்ன பண்ணுச்சுன்னு நாளைக்குச் சொல்றேன்'' என்றால் மறுநாள் குழந்தையே கால் போடச் சொல்லும்.
* சமையல். ஞாயிறு தோசையை அங்கே அப்பத்தாவும் இங்கே பேரனும் ஒரே நேரத்தில் ஊற்றட்டும். `ஊத்து', `திருப்பு', `கருகிடுச்சு' எல்லாம் தானாக ஒட்டிக்கொள்ளும்.
* நீங்கள் விலகிவிடுங்கள். மொழிபெயர்க்க அம்மா பக்கத்தில் இருக்கும்வரை குழந்தைக்குத் தமிழ் தேவைப்படாது. போனை சாய்த்து வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விடுங்கள். திணறட்டும், சைகை காட்டட்டும், எப்படியோ சொல்லிவிடும்.

எழுத்து எப்போது?

முதலில் காது, பிறகு வாய், அதன் பிறகுதான் எழுத்து. நம் மொழியில் ஒரு சிக்கல் உண்டு. வீட்டில் `வர்றான்' என்கிறோம், புத்தகத்தில் `வருகிறான்' என்று இருக்கிறது. வெளிநாட்டில் வளரும் குழந்தைக்கு இது இன்னொரு புதிய மொழி மாதிரித் தெரியும். ``நான் பேசுற தமிழ் தப்பா?'' என்று நினைத்துவிடும். `பேசுறது ஒரு மாதிரி, எழுதுறது ஒரு மாதிரி, ரெண்டுமே தமிழ்தான்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டில் உங்கள் ஊர்ப் பேச்சுத் தமிழையே பேசுங்கள். எழுத்துத் தமிழைக் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டிப் பழக்கலாம்.

247 எழுத்துகள் என்றதும் குழந்தை மட்டுமல்ல, நீங்களும் மலைத்துப்போவீர்கள். உண்மையில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மீதி 216-ம் இவற்றின் சேர்க்கைதான். குழந்தையின் பெயர், அம்மா, அப்பா, பட்டம், படம் என்று தெரிந்த சொற்களில் ஆரம்பித்தால் சேர்க்கையின் சூட்சுமம் சீக்கிரம் பிடிபடும்.

துணைக்கு ஆள்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, பள்ளியிலேயே தாய்மொழிப் பாடமாகப் படிக்கலாம். டொரன்டோவில் பள்ளி வாரியம் நடத்தும் பன்னாட்டு மொழி வகுப்புகளில் தமிழும் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மேல்நிலைப் பள்ளி இறுதித் தேர்வில் தமிழை ஒரு பாடமாக எழுதலாம். அமெரிக்காவில் பல நகரங்களில் பெற்றோர் தன்னார்வலர்களாகச் சேர்ந்து வார இறுதிப் பள்ளிகளை நடத்துகிறார்கள். ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து நாடுகளில் ஈழத்தமிழர்கள் பல வருடங்களாகத் தமிழ்ப் பள்ளிகளைக் கட்டிக்காத்து வருகிறார்கள். பக்கத்தில் பள்ளி இல்லை என்றால், தமிழக அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம் புலம்பெயர்ந்த குழந்தைகளுக்காக மழலைக் கல்வியிலிருந்தே இணையவழிப் பாடங்களை வைத்திருக்கிறது.

ஆனால், வகுப்பு மட்டும் போதாது என்பதற்கு சிங்கப்பூரே சாட்சி. தமிழுக்கு அங்கே பள்ளி, தொலைக்காட்சி, வானொலி எல்லாம் இருக்கின்றன. இருந்தும் வீட்டில் தமிழை அதிகம் பேசுவோரின் பங்கு, 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3 சதவிகிதத்துக்கு மேல் இருந்தது, 2020-ல் 2.5 சதவிகிதமாகக் குறைந்துவிட்டது. வகுப்பு வாரத்துக்கு இரண்டு மணி நேரம். வீடு மீதி எல்லா நேரமும்.

லீவுக்கு ஊருக்கு வரும்போது...

நான்கு வாரம் கஸின்ஸ் கூட்டத்தில் விளையாடினால், வீட்டில் வராத சொற்கள்கூட வந்துவிடும். ஏனென்றால் தமிழ் தெரியாவிட்டால் அங்கே ஆட்டத்தில் சேர்க்க மாட்டார்கள்! ஆனால், வருவதற்கு முன் சொந்தக்காரர்களிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்.

ஒன்று, சிரிக்காதீர்கள். ``என்னடா, வெள்ளைக்காரன் மாதிரி பேசுற'' என்று மாமா அடிக்கும் ஒரு ஜோக், ஆறு மாத உழைப்பைக் காலி செய்துவிடும். கூச்சப்பட்ட குழந்தை அதன்பிறகு வாயே திறக்காது. இரண்டு, ``எங்க, தமிழ்ல ஏதாவது பேசிக் காட்டு'' என்று கேட்காதீர்கள். கூடவே, ஆர்வத்தில் அவர்களும் ஆங்கிலத்துக்கு மாறிவிட வேண்டாம். சாதாரணமாகத் தமிழில் பேசினாலே போதும்.

``எங்க பொண்ணுக்கு 10 வயசாகிடுச்சு. லேட் ஆகிடுச்சா?''

இல்லை. நீங்கள் பேசுவது புரிகிறது, பதில் மட்டும் வேறு மொழியில் வருகிறது என்றால், பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. புரிந்துகொள்ளும் தமிழ் உள்ளே பத்திரமாக இருக்கிறது. பேச ஒரு காரணம்தான் வேண்டும். ஊருக்கு ஒரு பயணம், தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு பாட்டி, தமிழ் பேசும் ஒரு தோழி... ஏதோ ஒன்று.

இத்தனை வருடங்கள் விட்டுவிட்டோமே என்ற குற்ற உணர்ச்சியும் வேண்டாம். புது நாட்டில் வேலை, விசா, வாடகை, குளிர் என்று எல்லாவற்றையும் சமாளித்துக்கொண்டுதான் பிள்ளை வளர்த்திருக்கிறீர்கள். குழந்தையின் தமிழ் மதுரைத் தமிழ் மாதிரி இருக்காது. `ழ' சறுக்கும், இலக்கணம் தடுமாறும், நடுவில் வேற்றுமொழிச் சொற்கள் வரும். இருமொழிக்காரர் என்பவர் ஒரு உடம்புக்குள் இருக்கும் இரண்டு ஒருமொழிக்காரர்கள் அல்ல என்று 1989-லேயே எழுதினார் மொழியியலாளர் பிரான்சுவா குரோஜான். எந்த மொழி எதற்குத் தேவையோ அதற்கு வந்தால் போதும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பத்தாவின் கால் வரும்போது ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிப்பாருங்கள். ``என்னம்மா சொல்றான்?'' என்று அவர் உங்களைக் கேட்டால், உடனே மொழிபெயர்க்காதீர்கள். பேரனைப் பார்த்து, ``அப்பத்தாவுக்குப் புரியலையாம்டா, நீயே சொல்லு'' என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.

பத்து விநாடி அமைதி இருக்கும். அது உங்களுக்குத்தான் நீளமாகத் தெரியும். அப்பத்தா எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருப்பார்.

``மு... முயல்!''

ஆரம்பத்துக்கு இது போதும்.